கடல் விலகிய தெருவில் நம் கால்சுவடுகள்

சிங்கப்பூர் சென்று திரும்பும் நம்மவரிடம், "அங்கே என்னவெல்லாம் பார்த்தீர்கள்?" என்று கேட்டால், ஏறத்தாழ ஒரே விடைதான் வரும். நீர் உமிழும் சிங்கச்சிலை, மூன்று கோபுரங்களின் உச்சியை ஒரு கப்பல் போன்ற தோட்டம் இணைத்து நிற்கும் மெரினா பே சேண்ட்ஸ் மாளிகை, செந்தோசாத் தீவு, விலங்குப் பூங்கா. இவற்றோடு இரவும் பகலும் கூட்டம் மொய்க்கும் சிராங்கூன் சாலைக் கடைகள். பெட்டி நிறையப் பொருளும் கைப்பேசி நிறையப் படங்களும் கொண்டு வருகிறோம். உழைப்பாலும் ஒழுங்காலும் உயர்ந்த ஒரு நகரத்தைக் கண்டு வியப்பது தவறன்று. திருமறையே பூமியில் பயணம் செய்து பாருங்கள் என்று நம்மை ஏவுகிறது. ஆனால், முன்சென்றோரின் நிலையை எண்ணிப் பார்க்கும் பொருட்டே அந்த ஏவல் வருகிறது என்பதையும் நாம் மறத்தலாகாது.

அந்தச் சிங்கச்சிலையிலிருந்து அரைமணி நேர நடைக்குள், நம் முன்னோர் தம் வியர்வையை விற்ற காசில் எழுப்பிய மூன்று கட்டிடங்கள் இருநூறு ஆண்டுகளை நெருங்கி நிற்கின்றன. அம்மூன்றையும் அந்நாட்டு அரசு 1974ஆம் ஆண்டிலேயே தேசியச் சின்னங்களாக அறிவித்துப் பாதுகாத்து வருகிறது. அவற்றின் வாயில் வழியே நடந்துபோகும் தமிழ் முஸ்லிம்களில் எத்தனைபேர் ஒரு கணம் நின்று, "இதைக் கட்டியவர் யார்?" என்று கேட்கின்றனர்? அந்தக் கேள்விக்கு விடை காணவே இக்கட்டுரையில் நாம் முயல்கின்றோம்.

சின்னம் நகர்ந்தது, தெரு நின்றது

முதலில் அந்தச் சிங்கச்சிலையிலிருந்தே தொடங்குவோம். சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட அவ்வுருவம் பழங்காலத்துப் பண்டைச் சின்னம் என்று பலர் எண்ணுகின்றனர். அது 1964இல் சுற்றுலாக் கழகத்துக்காக வரையப்பட்ட முத்திரை. அதன் அடிப்படையில் 8.6 மீட்டர் உயரமும் 70 டன் எடையும் கொண்ட சிலை 1972இல் ஆற்றின் முகத்துவாரத்தில் நிறுவப்பெற்றது. 1997இல் அதன் எதிரே ஒரு பாலம் எழுந்து காட்சியை மறைத்துவிடவே, 2002இல் 120 மீட்டர் தள்ளி இன்றைய இடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அதன் எதிர்க்கரையில் 55 மாடிகளுடன் விளங்கும் மூன்று கோபுர மாளிகை திறக்கப்பட்டது 2010இல். அந்த மாளிகை நிற்கும் நிலமோ, சில பத்தாண்டுகளுக்கு முன்வரை கடல். மண் கொட்டி ஆக்கிய தரை அது. மாளிகையின் முன் அலையாடும் நீரும் இன்று உவர்நீரன்று. 2008இல் அணை கட்டிக் கடலைப் பிரித்து, அதை நன்னீர்த் தேக்கமாக்கிவிட்டனர்.

கடலையே ஒதுங்கி நிற்கச் சொல்லும் ஊர் சிங்கப்பூர். இந்த உண்மையை மனத்திற்கொண்டால்தான் நாம் அடுத்துக் காணப்போகும் தெருவின் கதை விளங்கும்.

அத்தெருவின் பெயர் தெலுக் ஆயர். மலாய் மொழியில் 'தெலுக்' என்றால் விரிகுடா. 'ஆயர்' என்றால் நீர். 'நீர் வளைகுடா' என்று பொருள்படும் அத்தெருவில் இன்று நின்று பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் நீரே இல்லை. வங்கிகளின் வானளாவிய கட்டிடங்களே சூழ்ந்து நிற்கின்றன. 1879இல் தொடங்கிய கடல் தூர்ப்புப் பணிக்கு முன்னர், இந்தத் தெருதான் கடற்கரை. நாகப்பட்டினத்திலிருந்தும் சீனத்து பூக்கியனிலிருந்தும் வந்த பாய்மரக் கப்பல்களின் மக்கள் இறங்கி, ஈரக் காலோடு முதலில் மிதித்த மண் இதுவே.

சபர் சென்ற பெருமக்கள்

1819இல் ராபிள்ஸ் துரை கும்பெனிக் கொடியைச் சிங்கப்பூரில் நாட்டினார். அதற்கு முன்பே, 1786இல் பினாங்குத் தீவு ஆங்கிலேயர் வசமான நாளிலிருந்து, சோழமண்டலக் கரை முஸ்லிம்கள் அங்கே கடை விரித்திருந்தனர். மலாக்காவிலும் கெடாவிலும் அதற்கும் நெடுங்காலம் முன்பே அவர்கள் அறிமுகமானவர்கள். ஆகவே புதிய துறைமுகம் ஒன்று பிறந்ததும், மரைக்காயரும் இராவுத்தரும் லெப்பைமாரும் அங்கே செல்ல அதிக நாள் பிடிக்கவில்லை. மேலைநாட்டார் இவர்களைச் 'சூலியா' என்று அழைத்தனர். சோழ நாட்டார் என்பதன் திரிபே அச்சொல் என்பர்.

1822இன் இறுதியில் ராபிள்ஸ் துரை நகரமைப்புத் திட்டம் ஒன்றை வகுத்தபோது, இன்ன இனத்தார் இன்ன பகுதியில் வாழ்க என்று நிலம் பிரித்தார். ஆற்றோரத்தில் 'சூலியா கம்போங்' என ஒரு பகுதி நம்மவர்க்கு ஒதுக்கப்பட்டது. கப்பலிலிருந்து சரக்கைக் கரைக்குக் கொண்டுசேர்க்கும் படகுத்தொழில் தொடக்க காலத்தில் பெரிதும் இவர்கள் கையில் இருந்தது. நாணயம் மாற்றுவோர், துணி வணிகர், சில்லறைக் கடைக்காரர், கூலிக்கு உழைப்போர் என்று பல தரத்தாரும் வந்தனர்.

வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தனியாக வந்த ஆண்கள். நம் கடற்கரை ஊர்களின் வீட்டுப் பெண்டிருக்கு இந்தச் செய்தியை நாம் விளக்க வேண்டியதில்லை. மணமான சில மாதங்களில் 'சபர்' புறப்பட்டு, இரண்டு மூன்று ஆண்டுக்கொரு முறை வந்து முகம் காட்டிப் போன கணவன்மாரின் கதை, கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் நாகூரிலும் பரங்கிப்பேட்டையிலும் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்த கதை. அத்தகைய சபராளிகள், தாம் நிலையாகத் தங்கப்போகாத ஊரில், தம் மனைவி மக்கள் பார்க்கவே போகாத ஊரில், அல்லாஹ்வின் இல்லங்களை எழுப்பினர். இதுவே நாம் வியந்து எண்ண வேண்டிய செய்தி. ஊருக்கு அனுப்பிய பணத்தில் வீடு கட்டியது இயல்பு. கடல் கடந்த மண்ணிலும் ஒரு பங்கை விட்டுச் சென்றார்களே, அது தனக்குப் பின் வரும் சபராளிக்காகச் செய்த ஏற்பாடு.

மூன்று கட்டிடங்கள்

தெலுக் ஆயர் தெருவில் வடக்கிலிருந்து நடந்து வந்தால் முதலில் எதிர்ப்படுவது நாகூர் தர்கா. 1827இல் காதர் பிள்ளை என்பாருக்கு, விற்கக்கூடாது என்னும் நிபந்தனையோடு இந்நிலம் வழங்கப்பட்டது. 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டிடம் எழுந்தது. ஹிஜ்ரி 978இல், அதாவது 1570இல் நாகூரில் மறைந்த சாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக எழுப்பப்பட்டது இது. அடக்கம் இருப்பது நாகூரில். இங்குள்ளது நினைவிடம் மட்டுமே. பினாங்கிலும் இத்தகைய நாகூர் நினைவிடம் ஒன்று உண்டு.

கடலோடிகளுக்கும் நாகூர் ஆண்டகைக்கும் உள்ள தொடர்பு நாம் அறிந்ததே. ஓட்டை விழுந்து மூழ்க இருந்த கப்பலை ஆண்டகை தம் கையிலிருந்த கண்ணாடியை எறிந்து காத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. நாகூர்க் கந்தூரியில் இன்றும் கொடிகள் கப்பல் வடிவ இரதங்களில் ஊர்வலமாக வருகின்றன. நாகூரின் உயர்ந்த மினாராவை எழுப்பித் தந்தவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப சிங். 131 அடி உயரமுள்ள அது கடலில் வருவோருக்குக் கரையைக் காட்டும் அடையாளமாக நின்றது. அந்த மினாரா கண்ணிலிருந்து மறையும்வரை திரும்பிப் பார்த்துக்கொண்டே சென்றவன், மறுகரையில் இறங்கியதும் அதே பெயரில் ஒரு நினைவிடத்தைக் கண்டால் அவன் நெஞ்சம் எப்படிக் குளிர்ந்திருக்கும்! தர்கா மரபு குறித்து இன்று நம்மிடையே வேறுபட்ட கருத்துகள் உண்டு. அந்த வழக்கை ஈண்டு நாம் எடுக்கவில்லை. ஆபத்தான பயணத்தில் உயிர் பிழைத்தவன், நன்றியோடு கரையேறிய இடத்தில் இந்த நினைவிடம் எழுந்தது என்னும் வரலாற்றை மட்டுமே சொல்கிறோம்.

அதற்கடுத்து, அதே வரிசையில், சீனர்களின் தியான் ஹொக் கெங் கோவில் உள்ளது. கடற்பயணிகளைக் காப்பதாக அவர்கள் நம்பும் தெய்வத்துக்காக, 1839க்கும் 1842க்கும் இடையில் ஹொக்கியன் மக்கள் கட்டியது. அதையும் கடந்து சில அடி நடந்தால் நம்முடைய இரண்டாவது கட்டிடம் வருகிறது. நம்மவரின் இரு கட்டிடங்களுக்கிடையே சீனர் கோவில்! வெவ்வேறு கடல்களைத் தாண்டி வந்த இரு மக்களும் ஒரே கரையில் இறங்கி, தத்தம் நம்பிக்கைப்படி நன்றி செலுத்திய அண்டை வீட்டார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அந்த இரண்டாவது கட்டிடம் அல் அப்ரார் பள்ளிவாசல். ஆனால் அதன் பழைய பெயர்தான் நம் உள்ளத்தைத் தொடுகிறது: குச்சுப் பள்ளி. குச்சு என்றால் குடிசை என்று நம் ஊர்ப்புறத்தில் சொல்வோம் அல்லவா? 1827இல் அது உண்மையிலேயே ஓலைக் குடிசையாகத்தான் இருந்தது. 1850க்கும் 1855க்கும் இடையில் செங்கல் கட்டிடமாயிற்று. அந்நாட்டு ஆவணங்களிலும் நூல்களிலும் 'குச்சுப் பள்ளி' என்ற தமிழ்ப் பெயர் பதிவாகி நிற்கிறது. குடிசையாக இருந்ததை மறைக்க வெட்கப்படாத பெரியோர் அவர்கள். கட்டிடம் உயர்ந்த பின்னும் பழைய பெயரைச் சொல்லியே அழைத்து வந்தனர்.

மூன்றாவது கட்டிடம், தெலுக் ஆயரிலிருந்து சற்று மேற்கே, சவுத் பிரிட்ஜ் சாலையிலுள்ள ஜாமிஆ சூலியா பள்ளிவாசல். அன்சார் சாகிபு என்பாரின் தலைமையில் 1826இல் தொடங்கப்பட்டு, 1830க்கும் 1835க்கும் இடையில் இன்றைய வடிவம் பெற்றது. எண்கோண வடிவில் அடுக்கடுக்காக உயரும் அதன் இரட்டை மினாராக்களைக் காண்போருக்கு நம் ஊர்ப் பள்ளிகளின் நினைவு வராமற்போகாது. ஓர் அருமையை இங்கே கவனிக்க வேண்டும். வாயில் சாலையை நோக்கி நேராக நிற்கிறது. உள்ளேயுள்ள தொழுகைக் கூடமோ கிப்லாவை நோக்கித் திரும்பி நிற்கிறது. சாலையின் போக்குக்காகத் தொழுகையின் திசையை வளைக்கவில்லை.

இப்பள்ளியின் பக்கத்திலேயே, 1819இல் பினாங்கிலிருந்து ராபிள்ஸுடன் வந்த நாராயண பிள்ளை 1827இல் நிறுவிய மாரியம்மன் கோவில் உள்ளது. பள்ளியையொட்டிய தெருவுக்கு மசூதித் தெரு என்றும், கோபுரத்தையொட்டிய தெருவுக்கு பகோடாத் தெரு என்றும் பெயர். இன்று அப்பகுதி முழுவதும் சீனர் வட்டாரம் என்று பெயர் பெற்றுள்ளது. சீனர் வட்டாரத்தின் நடுவே முஸ்லிம் பள்ளியாலும் இந்துக் கோவிலாலும் பெயர் பெற்ற தெருக்கள்! அந்தப் பள்ளியில் வெள்ளிக்கிழமை குத்பா இன்றும் தமிழில் ஒலிக்கிறது.

பிற இடங்களிலும் நம்மவர் பங்கு

இம்மூன்றோடு நம் பங்கு முடிந்துவிடவில்லை. பொற்குமிழ் ஒளிரும் சுல்தான் பள்ளிவாசலைப் பார்க்காத பயணி இல்லை. 1824இல் சுல்தான் ஹுசைன் ஷாவுக்காக, கும்பெனியார் அளித்த 3000 வெள்ளி நன்கொடையுடன் தொடங்கப்பட்ட பள்ளி அது. இன்றைய கட்டிடம் 1932இல் முற்றுப்பெற்றது. அதன் குமிழின் அடிவரிசையை உற்றுப் பார்த்தால், கரிய வளையமாகத் தெரிவது கண்ணாடிக் குப்பிகளின் அடிப்பாகம். ஏழைகளும் தம்மால் இயன்றதைக் கொடுத்துப் பங்கு பெற வேண்டும் என்பதற்காகக் குப்பிகளைத் திரட்டி அங்கே பதித்தனர். அப்பள்ளியை ஆள 1914இல் அமைக்கப்பட்ட அறங்காவலர் குழுவில், மலாய், ஜாவா, பூகிஸ், அரபு, வட இந்தியர் ஆகியோருடன் தமிழருக்கும் இரண்டு இடங்கள் தரப்பட்டன. பன்னிரண்டில் இரண்டு. சகோதரர்களிடையே பங்காளியாக அமர்ந்த பெருமை அது.

சிராங்கூன் சாலையில் பொருள் வாங்கச் செல்வோர், அருகிலுள்ள டன்லப் தெருவுக்குள் திரும்பினால் அப்துல் கபூர் பள்ளிவாசலைக் காணலாம். சட்ட நிறுவனம் ஒன்றில் தலைமை எழுத்தராக இருந்த ஷெய்கு அப்துல் கபூர் அவர்களின் முயற்சியால், பழைய மரப்பள்ளியின் இடத்தில் 1907இல் கட்டத் தொடங்கப்பட்டது. வாயிலின் மேலே ஞாயிற்றின் வடிவம். அதிலிருந்து விரியும் இருபத்தைந்து கதிர்களில் இருபத்தைந்து நபிமார்களின் பெயர்கள் அரபு எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன.

பள்ளிகளோடு நம்மவர் நின்றுவிடவுமில்லை. 1887இல் 'சிங்கைநேசன்' என்னும் தமிழ் வார இதழைத் தொடங்கி, 1890வரை நடத்தியவர் சி.கு. மகுதூம் சாயபு. சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய வரலாற்றைத் தொடுவோர் எவரும் அவர் பெயரைச் சொல்லாமல் மேலே செல்ல முடியாது. 1946இல் கடையநல்லூர் மக்கள் தஞ்சோங் பகாரில் ஒரு தமிழ்ப்பள்ளியை நிறுவி, அதற்குச் சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் பெயரைச் சூட்டினர். தமிழ் வழிக் கல்விக்கு மாணவர் குறைந்துபோனதால் 1982இல் அப்பள்ளி மூடப்பட்டது. ஆயினும் உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம் என்ற பெயரில் அப்புலவரின் திருப்பெயர் அந்நாட்டில் நிலைத்திருக்கிறது.

எது நின்றது, எது மறைந்தது

இனி, இத்தனையும் பார்த்த பின் நம் மனத்தில் எழும் எண்ணத்தைச் சொல்லியாக வேண்டும்.

நம்மவர்க்கென ஒதுக்கப்பட்ட சூலியா கம்போங் இன்று இல்லை. நம்மவர் ஓட்டிய படகுகள் இல்லை. 1920களின் தொடக்கத்தில் சூலியாத் தெரு எனப் பெயர் பெற்ற ஒரு தெரு மட்டும் வங்கிக் கட்டிடங்களிடையே உள்ளது. அதற்கு முன் அத்தெருவுக்கு இந்தியரைக் குறிக்கும் இழிவழக்கான பெயர் ஒன்று இருந்தது. நம்மவர் மனம் புண்பட்டதாலேயே அது மாற்றப்பட்டது. வணிகம் கைமாறியது, தொழில் கைமாறியது, கடலும் விலகிப் போயிற்று. எஞ்சி நிற்பவை எவை? விற்கக்கூடாது என்று நிபந்தனையிட்டு, அல்லாஹ்வின் பெயரால் விட்டவை மட்டுமே நிற்கின்றன. வக்பு என்னும் அறத்தின் ஆற்றல் எத்தகையது என்பதைப் பாடநூலில் படிப்பதைவிட, தெலுக் ஆயர் தெருவில் நின்று எளிதில் உணரலாம்.

ஆனால் நின்றவற்றிலும் ஒரு வேறுபாடு உண்டு. குச்சுப் பள்ளியிலும் ஜாமிஆ பள்ளியிலும் ஐவேளையும் பாங்கொலி கேட்கிறது. நாகூர் தர்காவோ 1998இல் பழுது காரணமாக மூடப்பட்டது. பல்லாண்டுகள் பூட்டிக் கிடந்து, திருப்பணி முடிந்து, 2011இல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகத் திறக்கப்பட்டது. கட்டிடம் அழகு குன்றாமல் காக்கப்பட்டது நம் நன்றிக்குரியது. படங்களும் விளக்கங்களும் வைத்து, நம்மவர் வந்த வரலாற்றை வருவோர்க்கெல்லாம் சொல்லும் பணியும் போற்றத்தக்கதே. எனினும் ஒரு காலத்தில் கரையேறியவன் கண்ணீரோடு நுழைந்த வாயிலில் இன்று பயணி படக்கருவியோடு நுழைகிறான். சுவர்களை அரசு காத்துத் தரும். சுவர் எதற்காக எழுந்தது என்பதை அந்தச் சமுதாயம்தான் காத்துத் தர வேண்டும். நாம் மறந்துவிட்டால், வெறும் காட்சிப் பொருளாக அது மாறுவதை எந்தச் சட்டமும் தடுக்க முடியாது.

அந்த வரலாறு சிங்கப்பூரில் மட்டும் இல்லை. பாதி வரலாறு நம் ஊர்களில், நம் வீடுகளில் கிடக்கிறது. பாட்டனார் சிங்கையிலிருந்து எழுதிய கடிதங்கள், பணம் அனுப்பிய சீட்டுகள், கப்பல் பயணச் சீட்டுகள், மங்கிப்போன நிழற்படங்கள் ஆகியவை பல வீடுகளின் மரப்பெட்டியில் இருக்கின்றன. வீடு இடிக்கும்போது அவை குப்பையாகப் போகின்றன, கரையான் தின்கிறது. அவற்றை எடுத்துத் துடையுங்கள். இன்னும் நினைவு மங்காத பெரியம்மாவிடமும் நன்னாவிடமும் கேட்டு, யார் எந்த ஆண்டில் போனார், எங்கே தங்கினார், என்ன தொழில் செய்தார் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அன்சார் சாகிபின் பெயரும் காதர் பிள்ளையின் பெயரும் ஆவணத்தில் ஏறியதால் நிலைத்தன. அவர்களோடு தோள்கொடுத்து ஓலை வேய்ந்தவர்களும், கல் சுமந்தவர்களும் ஏதோ ஒரு வீட்டின் மூதாதையரே. அது நம் வீடாகவும் இருக்கலாம்.

அடுத்தமுறை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சிங்கப்பூர் செல்வோர், ஒரு பிற்பகலை இதற்கென ஒதுக்கட்டும். நிலத்தடி இரயிலில் தெலுக் ஆயர் நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம் மிகக் குறைவே. தர்காவின் முன் நின்று, "இதுவரை கடல் இருந்தது, இங்கேதான் நம் பாட்டனார் இறங்கினார்" என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். பிறகு குச்சுப் பள்ளிக்குச் சென்று அஸர் தொழுங்கள். ஓலைக் குடிசையில் முதல் ஸஜ்தா செய்த பெயர் தெரியாத அந்தச் சபராளிகளின் மறுமைக்காக இரு கையேந்துங்கள். மெரினா மாளிகையின் விளக்குகளை அதன் பின் பார்க்கலாம். அவை இரவு முழுதும் எரியும்.

நமக்காக இடம் விட்டுச் சென்ற அந்நல்லோர் அனைவரின் மீதும் வல்ல நாயன் தன் அருளைப் பொழிவானாக! நம் பின்னோர்க்கு நாமும் ஏதேனும் விட்டுச் செல்ல நமக்கும் அருள்வானாக!